எங்கள் துப்பல் நீலமான நாள்

என் மச்சானின் வாயில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது கூழ்ப் பானை.

யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையில் கூழ் என்றால் ஒடியல் மாக் கூழ், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. நண்டு, இறால், திருக்கைத் துண்டு, மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும். கடைசியில் அரைத்த செத்தல் மிளகாய் போகும். என் மனிசி காய்ச்சுகிற கூழுக்கு ஓர் அளவு உண்டு. குடிக்கிறவனுக்கு மூக்கால் தண்ணீர் வரவேண்டும். வராவிட்டால் அடுத்தமுறை மிளகாயைக் கூட்டிவிடுவாள். அவளுடைய அண்ணனை வைத்துத்தான் அந்த அளவைப் பிடித்து வைத்திருந்தாள். பலாவிலையைக் கோலிப் பிடித்து, மூக்கைச் சீறிச் சீறிக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உறைப்பு வேணும் தங்கச்சி" என்று சொல்கிற ஒரே ஆள் அவன்.

அன்றைக்கு ஒரு வாய் குடித்தான். கண்ணை இறுக்கி மூடினான். வயிறு சரியில்லை என்று சொல்லி எழும்பிப் போய், மிச்சத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டான். நல்ல நண்டுக் கால் ஒன்றும் அதோடு போனது. பூனைக்குத்தான் லாபம்.

மனிசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயித்துக்குத்துக்காரன் வயித்தைப் பிடிப்பான். அண்ணை கன்னத்தையெல்லோ பிடிச்சவர்" என்றாள்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்று கூப்பிடத் தொடங்கியது, மீசை முளைக்காத வயதில் ஒரே வள்ளத்தில் ஏறிய காலத்தில். அப்போது எங்களுக்குள் ஒரு சொந்தமும் இல்லை. பிறகு நான் அவனுடைய தங்கச்சியைக் கட்டினேன். "நீ கூப்பிட்டுக் கூப்பிட்டே என்னை உண்மையான மச்சானாக்கிப் போட்டாய்" என்று இன்றைக்கும் குறை சொல்லுவான். முழங்கால் பிடித்துக்கொண்டதிலிருந்து அவன் கடலுக்கு வருவதில்லை. கரையில் நின்று மீனை ஏலம் கூறுகிறான். நான் இன்னும் வள்ளத்தில் ஏறுகிறேன், வலை இழுக்க அல்ல, சுக்கான் பிடிக்க.

அவன் ஏலம் கூறினால் கோயில் மணி அடித்தாலும் கேட்காது. ஒரு பாரை மீனைத் தூக்கிக் காட்டி அவன் கூறத் தொடங்கினால், வாங்க வராதவனும் வாயைத் திறந்து விலை கேட்டுவிடுவான். சண்டைக்காலத்தில் ஊரை விட்டு ஓடி, மருதனார்மடத்துப் பக்கம் ஒண்டியிருந்த வருசங்களில், நான் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றேன். அவன் அங்கேயுள்ள சந்தையில் மரக்கறி கூறினான். கத்தரிக்காயையும் பாரை மாதிரியே வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். கத்தரிக்காய்க்கு வால் இல்லை என்று சொன்னவனிடம், "காம்பு எண்டு ஒண்டு கிடக்கெல்லோ, அதுதான் வால். மிச்சத்தைச் சமைக்கேக்கை பார்" என்றான். கடல் இல்லாத ஊரிலும் அந்த வாய் அவனுக்குச் சோறு போட்டது. அப்படிப்பட்ட வாய்.

அந்த வாய்க்குள்தான் வெற்றிலையும் கிடந்தது. காலையில் போட்டால் படுக்கும்வரை இடதுபக்கக் கன்னம் எலுமிச்சம்பழம் வைத்தது மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். புகையிலை போடாத வெற்றிலையை அவன் வெற்றிலை என்று மதிப்பதில்லை, அது ஆட்டுக்குப் போடுகிற குழை என்பான்.

கூழ்ச் சம்பவத்துக்குப் பிறகு நான் கவனித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கொட்டாவி விட்டான். கண்டேன். இடது கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலையை ஒதுக்குகிற அதே இடத்தில், தேங்காய்ப்பால் ஆடை ஒட்டினது மாதிரி வெள்ளையாக ஒரு படை.

"மச்சான், ஒருக்கா வாயைக் காட்டு."

"வாயைக் காட்டத்தானே ஒவ்வொரு நாளும் கரையிலை நிண்டு கத்துறன்."

"உள்ளுக்குள்ளை."

"உள்ளுக்குள்ளை கிடக்கிறது என்ரை பல்லு. வேணுமெண்டால் கடிச்சுக் காட்டுறன்."

"வெள்ளையாக் கிடக்கு மச்சான். டொக்டரிட்டைக் காட்டுவம்."

அவன் முன்னாலும் பின்னாலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"காட்டினால் வெட்டுவாங்கள். வெட்டினால் வாய் கோணும், சத்தம் போயிடும். ஊமையன் மீன் கூறினதை நீ எங்கையும் பாத்திருக்கிறியோ? சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. மனிசியும் இருக்கவில்லை. ஆனால் அவனை அசைக்க முடியவில்லை. இடியப்பமும் சொதியும் என்று பல்லில்லாத பிள்ளை மாதிரிச் சாப்பிட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு திரிந்தான். ஏலம் கூறும்போது மட்டும் திறந்தான். அப்போது எட்டிப் பார்க்க முடியாது, காது போய்விடும்.

இந்த நேரத்தில்தான் என் தம்பியின் மகள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பின்னால் ஐஸ்பழக்காரனுடையது மாதிரி ஒரு பெட்டி கட்டியிருந்தது.

பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் எழுத்துக் கூட்டப் பழகியது வள்ளங்களில் எழுதியிருக்கிற பெயர்களைப் பார்த்து. அவள் படித்த புத்தகங்களை அடுக்கினால் ஒரு வள்ளம் நிறையும். இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்து நல்லூரில் வளர்ந்தவள். எங்கள் கடலைப் பார்க்க வருவாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நடப்பாள், படம் எடுப்பாள், போய்விடுவாள். மீன்காரர் குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் மீனுக்கும் அவளுக்கும் சட்டிக்குள்தான் பழக்கம்.

அன்று பின்னேரம் மச்சானும் வந்திருந்தான், சொதிக்கு. அவள் எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் ஒரு சின்னக் குழாயை எடுத்துக் காட்டினாள். உள்ளே திராட்சைச் சாறு மாதிரி, சிவப்பாக ஒரு தண்ணீர்.

"பெரியம்மா, இது என்ன சொல்லுங்கோ பாப்பம்."

"சர்பத்து."

"தங்கம்."

மனிசி தன் தாலிக்கொடியை வெளியே எடுத்து அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "விசர்க் கதை கதையாதை பிள்ளை. தங்கம் மஞ்சளெல்லோ?"

"கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னத் துகளாக்கினால் சிவப்பாத் தெரியும் பெரியம்மா. தங்கம் மாறேல்லை. அதிலை வெளிச்சம் படுற விதம் மாறுது."

எனக்கு அது பெரிய அதிசயமாக இல்லை. கடலும் அப்படித்தானே. தூரத்தில் பார்த்தால் நீலம், வள்ளத்தடியில் பச்சை, கையில் அள்ளினால் ஒரு நிறமும் இல்லை. ஆனால் அதை நான் சொல்லவில்லை. மச்சான் முந்திக்கொண்டான்.

"உந்தத் தங்கத்தை அடகுக் கடையிலை எடுப்பினமோ பிள்ளை?"

"எடுக்கமாட்டினம் மாமா. இதை வைச்சு வாயிலை வாற புற்றுநோயைத் துப்பலிலையே பிடிக்கலாமோ எண்டு பாக்கிறம்."

சட்டியில் கரண்டி போட்ட சத்தம் கேட்டது. மனிசி என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் இடியப்பத்தைப் பார்த்தான்.

அவள் ஒன்றையும் கவனியாமல் சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். அந்தத் தங்கத் துகள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய சட்டை போட்டிருக்கிறதாம். வாயில் அந்த நோய் வரப் பார்த்தால், அதற்கென்று ஒரு சாமான் துப்பலில் ஊறுமாம். சட்டைக்கு அந்தச் சாமானில்தான் ஆசை. அதைக் கண்டவுடன் தங்கத்தைக் கைவிட்டு அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அளவாக ஒரு துளி உப்புத்தண்ணீர் விடுவார்கள். சட்டை போட்ட தங்கம் உப்புக்கு அசையாது, சிவப்பாகவே நிற்கும். சட்டை இல்லாத தங்கம் உப்புப் பட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, நீலமாகிவிடும். அதை வெளிச்சம் உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தால், எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று போனில் காட்டும்.

"அப்ப சிவப்பெண்டால் தப்பி, நீலமெண்டால் சரி" என்றான் மச்சான், சரி என்றபோது, ஆள் முடிந்தான் என்று கையை வானத்துக்குக் காட்டி.

"இல்லை மாமா, அப்பிடிச் சொல்லவே கூடாது. இது ஆராய்ச்சி. நிறத்தைப் பாத்து ஒருத்தரும் ஒண்டும் முடிவெடுக்கக்கூடாது. டொக்டர்தான் பாத்துச் சொல்லவேணும். இந்தப் பெட்டி கரையிலை வைச்சும் வேலை செய்யுமோ எண்டு பாக்கத்தான் வந்தனான். நாளைக்கு மீனவர் சங்கக் கட்டடத்திலை வைச்சுச் செய்யப் போறன். நீங்களும் வாங்கோ. காலமை வெத்திலை போடக்கூடாது, ஒண்டும் சாப்பிடக்கூடாது, வாயை நல்லாக் கொப்பளிச்சுப்போட்டு வரவேணும். அவ்வளவுதான்."

"துப்புறதெண்டால் இவருக்குச் சொல்லித் தரவேணுமே?" என்றாள் மனிசி. "வீட்டுச் சுவரைப் பார், முழுக்கச் சிவப்பு. கட்டாயம் வருவார் பிள்ளை. நான் கூட்டிக்கொண்டு வாறன்."

மச்சான் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு எழும்பினான். தன் தங்கச்சியிடம் மட்டும் அவன் ஏலத்தில் தோற்றுவிடுவான்.

மறுநாள் காலை நாங்கள் கடலிலிருந்து வந்தோம். இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதைப் பழக்கம் என்று நாங்களே நினைப்பதில்லை, மூச்சு விடுவதை யாரும் பழக்கம் என்று சொல்வார்களா? வள்ளம் கரை தட்டினவுடன் குதித்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் கடலை அள்ளி முகம் கழுவுவோம். அடுத்த கை வாய்க்குள் போகும். அலசிக் கொப்பளித்து, அண்ணாந்து கடகடவென்று தொண்டையில் உருட்டித் துப்பிவிட்டுத்தான் கரை ஏறுவோம். என் அப்பா செய்தார், நான் செய்தேன். அன்றைக்குப் பிள்ளை "நல்லாக் கொப்பளிச்சு" என்று வேறு சொல்லியிருந்தாள். படித்த பிள்ளையின் சொல்லைத் தட்டக்கூடாது என்று எல்லோரும் வழக்கத்தைவிடக் கூடக் கொப்பளித்தோம். கரை முழுக்கக் கடகட சத்தம். தவளைக் கூட்டம் வந்து இறங்கினது மாதிரி இருந்தது. அந்த ஈரம் காயுமுன்னே சங்கக் கட்டடத்து வாசலில் வரிசையாக நின்றோம்.

மச்சானும் நின்றான். அவனுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, அவனுடைய தங்கச்சி.

பிள்ளை முதலில் தன் துப்பலைத் தானே எடுத்துச் சோதித்துக் காட்டினாள். சிவப்பாகவே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு குழாய் தந்தாள். பெண்களுக்கு முன்னால் துப்புவது மரியாதை இல்லை என்று ஆம்பிளைகள் எல்லோரும் கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனோம். நான் என் குழாயை நிரப்பி மூடியைத் திருகும்போது மச்சான் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், எனக்கு வாய் காஞ்சுபோச்சு. வெத்திலை இல்லாமல் ஊறுதில்லை. உன்னட்டைக் கிடந்தால் கொஞ்சம் தா."

குழாயை நீட்டினான். நானும் ஊற்றிவிட்டேன். இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நடுக்கடலில் குடிதண்ணீர் முடிந்தால் கொடுக்கிறோம், புகையிலை முடிந்தால் கொடுக்கிறோம், எண்ணெய் முடிந்தால் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வருகிறோம். துப்பலுக்கா பஞ்சம்? அவன் குழாயை மூடிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி முன்னால் நடந்தான்.

உள்ளே பிள்ளை குழாய்களை அடுக்கிவைத்துச் சிவப்புத் தங்கத்தைக் கலந்தாள். கொஞ்ச நேரம் விட்டு, உப்புத்தண்ணீர்த் துளி விடத் தொடங்கினாள். முதல் குழாய் சங்கத் தலைவருடையது. மனுசன் பிறந்ததிலிருந்து வெற்றிலை போடாதவர், சுருட்டுப் புகைத்தால் எழும்பித் தூரப் போகிறவர். துளி விழுந்ததுதான் தாமதம். சிவப்பு மங்கி, மங்கி, மழைக்கால வானம் மாதிரி நீலமாகி நின்றது.

"பிழையா விட்டிட்டன் போலை" என்றாள் பிள்ளை.

அடுத்தது நீலம். அதற்கடுத்ததும். என்னுடையது, நீலம். மச்சானுடையது, என்னுடையதைப் போலவே நீலம். வரிசை முடிய மேசை முழுக்க நீலம்.

நிறத்தைப் பார்த்து ஒருவரும் முடிவெடுக்கக்கூடாது என்று அவள் அன்று காலையும் சொல்லியிருந்தாள். எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள். ஒருவன், இனி என்ன கிடக்கு என்று, காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தான். இன்னொருவன் கனடாவில் இருக்கிற மகனுக்குப் போன் எடுத்து, "தம்பி, நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டு, மேலே கதைக்க முடியாமல் விம்மினான். அங்கே அப்போது நித்திரை நேரம். சங்கத் தலைவர் எல்லோரையும் விட ஒரு படி மேலே போனார். வேலிச் சண்டையால் பல வருசமாகக் கதையாமல் இருந்த சகலனிடம் நேரே போய், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பூவரசு உன்ரை பக்கம்தானடாப்பா. எனக்கு எப்பவும் தெரியும்."

பிள்ளை, "இருங்கோ, இருங்கோ, ஏதோ பிழை நடந்திருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

யாரோ என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள். மச்சான். கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் கொண்டுபோய் என்னை இருத்தினான். அவன் முகம் வெளிறி, மீன் வயிறு மாதிரி இருந்தது.

"மச்சான், ரெண்டும் உன்ரை துப்பல்."

"ஓம், தெரியும். நான்தானே தந்தனான்."

"விளங்குதில்லையோ உனக்கு? உனக்கு ரெண்டு தரம் நீலம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு நீலம்தான். எனக்கு மட்டும் இரண்டு.

"என்ரை வாயைக் காட்டப் பயந்து உன்ரை துப்பலைக் குடுத்தன்" என்றான். "நீ வெத்திலை போடுறேல்லை, உனக்கு ஒண்டும் இராது, சிவப்பா வரும், தங்கச்சியும் வாயை மூடுவாள் எண்டு பாத்தன். இப்ப பார். நான் ஒளிக்கப் போய் உனக்கெல்லோ வந்து நிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எழும்பு. ஆசுப்பத்திரிக்குப் போவம். இப்பவே."

"நீ போறேல்லை எண்டெல்லோ சொன்னனி?"

"நான் எனக்குப் போறேல்லை. உனக்குப் போறன். கெதியா எழும்பு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் முழங்கால் வலியோடு குந்தியிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்தான். எனக்குப் பயம் ஒரு பக்கம். மறுபக்கம், இவனைப் பிடிக்க இதைவிட நல்ல தூண்டில் இனிக் கிடைக்காது என்றும் தெரிந்தது.

"நான் வாறன். ஆனால் ஒண்டு. நான் வாயைத் திறந்தால் நீயும் திறக்கவேணும்."

"பேய்க்கதை கதையாதை."

"அப்ப நான் வரேல்லை. நீலத்தோடையே கிடந்து சாகிறன். உன்ரை தங்கச்சிக்கு நீயே போய்ச் சொல்லு."

கடலைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு கையை நீட்டினான். "அம்மாளாணை. நீ திறந்தால் நானும் திறப்பன்." நான் அவன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். ஏலம் முடிந்த மாதிரி.

நாங்கள் திரும்பிச் சங்கக் கட்டடத்துக்கு வந்தபோது பிள்ளை வாசல்படியில் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். பிந்தி வந்த ஒரு வள்ளம் அப்போதுதான் கரை தட்டியது. பொடியள் குதித்து இறங்கினார்கள். அவர்களுக்கும் செய்தி போயிருக்க வேண்டும், வாய் கொப்பளிக்க வேண்டும் என்று. கடலை அள்ளி அள்ளி வாய்க்குள் விட்டு, அண்ணாந்து நின்று கடகடவென்று உருட்டினார்கள்.

பிள்ளை மெல்ல எழும்பினாள்.

"பெரியப்பா, அவை என்ன செய்யினம்?"

"நீ சொன்னதைத்தான். வாய் கொப்பளிக்கினம்."

"எதாலை?"

"கடலாலை."

"நீங்கள்?"

"நானும்தான்."

"எல்லாரும்?"

"கடலிலை நிண்டுகொண்டு கிணத்துக்கே போவினம்?"

அவள் ஒருமுறை சிரித்தாள், பிறகு அழுகிற மாதிரி வந்தது, பிறகு திரும்பவும் சிரித்தாள். "ஐயோ பெரியப்பா! ஒரு துளி உப்பை அளந்து அளந்து விடுறம். நீங்கள் ஒரு கடலையே கொண்டுவந்து துப்பியிருக்கிறியள்! அவ்வளவு உப்புக்குச் சட்டை என்ன, இரும்புக் கவசம் போட்டாலும் தங்கம் நிக்காது!"

சோதனைக்குச் சோதனையாக, அவள் தன் குடிதண்ணீர்ப் போத்தலில் இருந்து ஒரு துளி எடுத்துச் சிவப்புத் தங்கத்தில் விட்டாள். சிவப்பு. கடலில் இருந்து ஒரு துளி. நீலம். அதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் மூச்சு விட்டது. பீடி பற்றவைத்தவன் இன்னும் ஒன்றைப் பற்றவைத்தான், இது சந்தோசத்துக்கு. சங்கத் தலைவர்தான் பாவம். சகலனிடம் போய், "அந்தப் பூவரசுக் கதை..." என்று இழுத்தார். சகலன், "பேசினது பேசினதுதான்" என்று சொல்லிவிட்டு மரத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் மச்சானைத் தேடினேன். அவன் மெதுவாகப் பின்வாசலால் நழுவிக்கொண்டிருந்தான்.

"எங்கை போறாய்?"

"உனக்கு ஒண்டுமில்லைத்தானே. உப்புத்தானே. பிறகென்ன?"

"சத்தியத்திலை உப்பெண்டு ஒண்டும் இருக்கேல்லை. அம்மாளாணை எண்டனி."

"நீலத்துக்குத்தான் சத்தியம் பண்ணினனான். நீலம் பொய்யெண்டால் சத்தியமும் பொய்."

அவன் பின்னாலேயே மனிசி வந்து நின்றதை அவன் காணவில்லை. "என்ன சத்தியம் அண்ணை?" என்றாள். மச்சானுக்கு அதற்கு மேல் பாதை இருக்கவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தங்கச்சி.

மச்சான் இன்றைக்கு நாளைக்கு என்று ஆசுப்பத்திரியைத் தள்ளிக்கொண்டிருக்க, அந்தக் கிழமைக்குள் பிள்ளை திரும்பவும் வந்தாள். இந்தமுறை போத்தல் தண்ணீரில் எல்லோரையும் தன் கண்ணுக்கு முன்னாலேயே கொப்பளிக்க வைத்து, கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி, மரியாதை எல்லாம் பாராமல் தனக்கு முன்னாலேயே துப்பச் சொன்னாள். மேசை முழுக்கச் சிவப்பு. என்னுடையதும். மச்சானுடைய குழாய் மட்டும் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. பழுத்த நாவற்பழ நிறத்தில் நின்றது.

பிள்ளை பெட்டிக்குள் வைத்து, போனைப் பார்த்து, திரும்பவும் வைத்துப் பார்த்தாள். "மாமா, இது ஒண்டையும் முடிவாச் சொல்லாது. அண்டைக்கு நடந்ததைப் பாத்தனீங்கள்தானே, எவ்வளவு பிழைக்கும் எண்டு. ஆனால் நீங்கள் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ. எனக்காக."

அவன் நாவற்பழத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உப்புத்தானே பிள்ளை?" என்று கேட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"இந்தமுறை உப்பில்லை மாமா."

பட்டணத்துப் பெரியாசுப்பத்திரிக்கு நானும் மனிசியும் மச்சானுமாக மூன்று பேர் போனோம். உள்ளே கூப்பிட்டவுடன் மச்சான் என்னை முன்னால் தள்ளிவிட்டான். "முதல் இவர் டொக்டர். இவர் திறந்தால்தான் நான் திறப்பன். ஒப்பந்தம்." இளம் டொக்டர் சிரித்துக்கொண்டு என் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வேறு ஒன்றுமில்லை, ஆனால் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்றார். மச்சானின் வாயைத் திறக்க வைக்க நான் கொடுத்த விலை இரண்டு பல். அதை அவனிடம் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறேன்.

பிறகு அவன் கதிரையில் இருந்தான். திறந்தான். எவ்வளவு பெரிய வாய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. டொக்டர் பார்த்தார், திரும்பவும் பார்த்தார், சிரிப்பு இல்லாமல் பார்த்தார். மச்சானின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, வாய் திறந்திருந்தபடியால்.

அந்தப் படையில் சின்னத் துண்டு ஒன்று எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுமொழி வரும்வரை அவன் கரையில் நின்று கூறின கூறலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு கூடை சூடை மீனுக்குத் திமிங்கிலத்துக்குரிய சத்தம். சத்தம் போகுமுன் எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. தூரத்தில் இருந்து வலை மடித்துக்கொண்டு கேட்டேன். கேட்கக் கஷ்டமாக இருந்தது.

மறுமொழியை டொக்டர் சொன்னபோது மனிசிதான் எல்லாவற்றையும் கேட்டு விளங்கிக்கொண்டாள். அது இன்னும் புற்றுநோயாகவில்லை, ஆகப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் பிடித்துவிட்டோம், அந்தப் படையை மட்டும் வெட்டி எடுத்தால் போதும், ஆனால் வெற்றிலையும் புகையிலையும் இனிக் கண்ணாலும் காணக்கூடாது, சொல்கிற நேரமெல்லாம் வந்து காட்டவேண்டும் என்றார்.

"சத்தம், டொக்டர்? சத்தம் போகுமோ?" என்றான் மச்சான்.

"உங்கடை சத்தம் வெளியிலை நிக்கிற ஆக்களுக்கும் கேட்டிருக்கும். அது போகாது."

வெட்டினார்கள். தையல் போட்டார்கள். கொஞ்ச நாள் அவன் கஞ்சியும் கையசைப்புமாகத் திரிந்தான். கரையில் வேறு ஒருவன் மீன் கூறினான். அந்த நாட்களில் யாருக்கும் விலை கேட்க மனம் வரவில்லை, கரை செத்த வீடு மாதிரி இருந்தது. தையல் ஆறின பிறகு, ஒரு காலை, நாங்கள் வள்ளத்தைத் திருப்பும்போதே அவன் சத்தம் வந்தது. இன்னும் கரை கண்ணில் படவில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே வள்ளத்தை நேரே விட்டேன்.

இப்போது எங்கள் கஷ்டம் வேறு. அவனுடைய வாயை மூட வைக்க முடியவில்லை. கலியாண வீட்டில், கோயில் வீதியில், சந்தையில், வெற்றிலை போடுகிற எவனைக் கண்டாலும் கன்னத்தை விரலால் விலக்கிக்கொண்டு, "இஞ்சை பார், வடிவாப் பார், இதிலைதான் கிடந்தது" என்று காட்டுகிறான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் காட்டுகிறான். ஒருவன் பயந்து மறுநாளே போய்க் காட்டினான் என்றும் கேள்வி. கூழுக்கு மனிசி இன்னும் மிளகாய் குறைத்துத்தான் போடுகிறாள். அவன் குடித்துவிட்டு, மூக்கைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் வரவில்லை என்று முறைப்பாடு வைக்கிறான்.

பிள்ளை போன மாதம் புதுத் தங்கத்தோடு வந்தாள். இந்தமுறை உப்புக்குக் கொஞ்சம் தாங்குகிற சட்டை போட்டிருக்கிறாளாம். விடிய நாங்கள் கரை தட்டினபோது, முழங்கால் தண்ணீரில், கிணற்றுத் தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் கானும் கையுமாக மச்சான் நின்றான். நான் பழக்கத்தில் குனிந்து கடலை அள்ளினேன்.

"கையைக் கீழை போடு மச்சான்!" என்று கத்தினான். அடுத்த துறையில் நின்றவர்களும் கையைக் கீழே போட்டார்கள்.